பித்தளைக் குழாயும் ஐந்து சுரமும்

குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலுக்கு அடுத்து வரும் ஸ்டேஷன் வெலிங்டன். 1850களில் ஆங்கிலேயர் இங்கே படைவீரர் குடியிருப்புகளைக் கட்டும்வரை இந்தப் பகுதி ஜக்கதளா என்றே அறியப்பட்டது. பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதியின் பட்டப்பெயர் ஊரின் பெயராகிவிட்டது. அந்தத் தளபதி, வெலிங்டன் கோமகன் ஆர்தர் வெல்லெஸ்லி, இளமையில் வயலின் வாசித்தவர். 1793இல், இனி வாழ்க்கை படைத்தொழிலுக்கே என்று முடிவெடுத்தவர் தன் வயலினைத் தீயிலிட்டு எரித்தார். அவருடைய தந்தை மார்னிங்டன் பிரபுவோ இசையமைப்பாளர். 1764இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியராக அமர்ந்தவர்.

மகன் இசையை விட்டாலும் இசை மகனை விடவில்லை. 1813இல் ஸ்பெயினின் விட்டோரியா களத்தில் அவர் பிரெஞ்சுப் படையை முறியடித்த செய்தி வியன்னாவை எட்டியதும், பீத்தோவன் ‘வெலிங்டனின் வெற்றி’ என்றொரு படைப்பை எழுதினார். இரு படைகளும் தத்தம் முரசோடும் எக்காளத்தோடும் எதிரெதிரே வருகின்றன, பீரங்கி வெடிக்கிறது, முடிவில் பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டு வெற்றி மெட்டாக எழுகிறது. பீத்தோவன் அதைப் பிரிட்டனின் பட்டத்து இளவரசருக்கு, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவருக்குக் காணிக்கையாக்கி அனுப்பினார். ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை. அந்த வருத்தம் பீத்தோவனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

இந்தப் படைப்பில் ஒன்றைக் கவனிக்கலாம். மன்னர்களின் படைகள் வருவதை அறிவிக்க பீத்தோவன் வயலினைத் தேடவில்லை. எக்காளத்தையும் முரசையும்தான் அழைத்தார். அவர் மட்டுமல்ல. பர்செல், ஹேண்டல், எல்கர் என்று பிரிட்டிஷ் அரசவைக்கு இசை எழுதிய எவரை எடுத்தாலும், அரசர் வருகிறார் என்றால் பித்தளை முழங்கும். எழுதியவர்களும் காலங்களும் மாறினாலும் ஒலி மாறுவதில்லை. இதை வெறும் மரபு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மரபுக்குள் மன்னரால்கூட மாற்ற முடியாத ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம். வெலிங்டனில் ஒரு பியூகிள் போதும்.

1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட், இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. அதன் பயிற்சி மையம் 1947 முதல் வெலிங்டனில் இருக்கிறது. படை முகாமில் பொழுதைப் பிரித்துத் தருவது பியூகிள். எழுப்புவது, அணிக்கு அழைப்பது, கொடி இறக்குவது, மாண்டவர்க்கு வணக்கம் செலுத்துவது, எல்லாவற்றுக்கும் அதற்குத் தனித்தனி அழைப்புகள் உண்டு. ஆனால் அத்தனை அழைப்புகளுக்கும் சேர்த்து அதனிடம் இருப்பவை ஐந்தே சுரங்கள். கர்நாடக இசை கற்ற காதுக்கு அவை உடனே பிடிபடும்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. அந்தக் காந்தாரம் அந்தர காந்தாரம். ரி கிடையாது, ம கிடையாது, த, நி எதுவும் கிடையாது.

கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் காரணம் தெரியும். புல்லாங்குழலில் துளைகள் உண்டு. நாதஸ்வரத்தில் உண்டு. பியூகிளில் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய நாலரை அடி நீளமுள்ள பித்தளைக் குழாய். கையடக்கமாக இருப்பதற்காகச் சுருட்டியிருக்கிறார்கள். ஒரு முனையில் உதடு வைக்கும் கிண்ணம், மறுமுனையில் விரிந்த வாய். விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை. உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றி மாற்றி ஊதுகிறார் சிப்பாய்.

உதடு அதிரும்போது குழாய்க்குள் காற்றழுத்தத்தின் துடிப்புகள் ஓடுகின்றன. விரிந்த வாயை எட்டியதும் ஒரு பகுதி வெளியேறி நம் காதுக்கு வருகிறது. மீதி உள்ளே திரும்பி ஓடிவருகிறது. திரும்பி வந்த துடிப்பு, உதட்டின் அடுத்த துடிப்போடு தாளம் தப்பாமல் சேர்ந்தால் ஒலி நிலைக்கும். தப்பினால் தடுமாறி அடங்கிவிடும். ஆகவே குழாய் எல்லா அதிர்வையும் ஏற்பதில்லை. அதன் நீளத்துக்கு ஏற்ற ஓர் அடிப்படை அதிர்வு இருக்கிறது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண் மடங்குகளை மட்டுமே அது அனுமதிக்கிறது. அறிவியல் இதை மேற்சுர வரிசை என்கிறது. இரண்டு மடங்கை ச என்று கொண்டால் மூன்று ப, நான்கு மேல் ச, ஐந்து அந்தர காந்தாரம், ஆறு மேல் ப. சிப்பாயின் ஐந்து சுரமும் இவைதான். யாரும் கூடித் தேர்ந்தெடுத்தவை அல்ல. இரண்டு முதல் ஆறு வரையிலான எண்கள்.

இதே காந்தாரத்தை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். தம்புராவைச் செம்மையாகச் சுருதி சேர்த்து, ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நிறுத்தினால், ச, ப மட்டுமே மீட்டப்படும் அந்தக் கருவியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ஒன்று தானாக எழும். வித்வான்கள் அதை சுயம்பு காந்தாரம் என்பார்கள். மந்தர சட்ஜத் தந்தியின் ஐந்தாம் மடங்கு அதிர்வு அது. தந்தியும் காற்றுக் குழாயும் ஒரே கணக்கில் பிளவுபடுவதால் தஞ்சாவூர்த் தம்புராவும் இராணுவ பியூகிளும் ஒரே காந்தாரத்தைப் பேசுகின்றன. இன்றைய பியானோவின் காந்தாரம் இதைவிடக் கொஞ்சம் ஏறியது. பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைக்க வேண்டிய கட்டாயம் பியானோவுக்கு. சுத்தமான காந்தாரம் கேட்க வேண்டுமானால், கச்சேரிப் பியானோவை விட்டுவிட்டுப் படை முகாமுக்குப் போகலாம்!

இனி மன்னர்களிடம் வருவோம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தொலைவுக்கு எட்டும் ஒலி என்பது அதிகாரத்தின் கருவி. யாருடைய ஆணை எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம் அவருடைய ஆட்சி. ஐரோப்பாவெங்கும் எக்காளமும் முரசும் அரசர்களுக்கும் பெரும் பிரபுக்களுக்கும் உரியவையாகப் பாதுகாக்கப்பட்டன. இங்கிலாந்தில் ‘சார்ஜென்ட் டிரம்பெட்டர்’ என்றொரு அரசவைப் பதவி இருந்தது. பொது இடத்தில் எக்காளம் ஊத விரும்புபவர் அவரிடம் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். அந்தப் பதவியை வகித்தவர்களில் ஒருவர் ஜான் ஷோர். 1711இல் அவர் செய்த ஒரு சிறு பொருள் இன்று உலகின் எல்லாப் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கிறது: இசைக்கவை. தன் லூட் தந்திகளைச் சுருதி சேர்க்க அவர் வடித்த இரண்டு கால் எஃகுத் துண்டு, பின்னர் ஒலியியலின் அளவுகோலாகிவிட்டது. பிளஸ் ஒன் மாணவர் ஒத்ததிர்வுச் சோதனைக்காக ரப்பர் கட்டையில் தட்டும் கருவி, பிரிட்டிஷ் அரசவை எக்காளக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு.

எக்காளத்தோடு முரசு ஏன் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதற்கும் எண்களே பதில். இரட்டை முரசில் ஒன்றை ச-வுக்கும் மற்றதைப் ப-வுக்கும் கட்டினார்கள். எக்காளத்தின் அடித்தளமும் அவையே என்பதால், இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தாங்கும். மற்ற வாத்தியங்களும் பாடகர்களும் அந்த எக்காளத்தின் சுருதிக்கு வந்து சேர வேண்டும். ஏனென்றால் எக்காளம் இறங்கி வராது. அதன் நீளம் நிலையானது. அந்தக் காலத்து ஆங்கில எக்காளம் ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளமுடையது. அதற்கு இயல்பான சுருதி, மேற்கத்தியர் ‘டி’ என்று குறிக்கும் சுரம். ஹேண்டலின் அரச இசையில் பெரும்பகுதி ஏன் டி மேஜரில் இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. மேளம், சுருதி, முழக்கம் மூன்றையும் முடிவு செய்தது ஒரு குழாயின் நீளம்.

ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒரு பெரிய இசையை எழுதுவது? இங்கேதான் எண்களின் அடுத்த விளையாட்டு. மேலே போகப் போக மடங்குகள் நெருங்கி வருகின்றன. எட்டாம் மடங்குக்கும் பதினாறாம் மடங்குக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி. அதற்குள் எட்டுப் படிகள். எட்டு ச, ஒன்பது சதுச்ருதி ரிஷபம், பத்து அந்தர காந்தாரம், பன்னிரண்டு பஞ்சமம், பதினைந்து காகலி நிஷாதம், பதினாறு மேல் சட்ஜம். ஏறக்குறைய முழுச் சங்கராபரணம்! குறை இரண்டு இடங்களில் மட்டும். பதினொன்றாம் மடங்கு சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்குகிறது. பதின்மூன்றாவது, சதுச்ருதி தைவதத்தை எட்டாமல் தாழ்ந்து நிற்கிறது. தேர்ந்த கலைஞர் உதட்டாலேயே முதலாவதை இறக்கி, இரண்டாவதை ஏற்றிச் சரிசெய்வார். பதினான்காவது, கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுத் தாழ்ந்தது. அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். உயர்ந்த ஸ்தாயியில் உதடு மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரம் கத்திவிடும். அதனால் இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு அரசவையில் தனி மதிப்பு.

1727 அக்டோபர் 11இல் இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு ஹேண்டல் எழுதிய ‘சடோக் தி பிரீஸ்ட்’ இந்த இயற்பியலின் உச்சம். தொடக்கத்தில் தந்திக் கருவிகள் மெல்ல மெல்ல அலையடித்து ஏறிக்கொண்டே போகின்றன. கேட்பவர் பொறுமை இழக்கும் தறுவாயில் கோரஸும் மூன்று எக்காளமும் முரசும் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. அதுவரை காத்திருந்த காது, சட்ஜ பஞ்சம காந்தாரக் கூட்டு முழு வீச்சில் வந்து விழும்போது நிமிர்ந்துவிடுகிறது. அன்று முதல் 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியது வரை ஒவ்வொரு பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவிலும் அது பாடப்பட்டிருக்கிறது.

வெற்றியும் மகிழ்ச்சியும் இந்தக் குழாய்க்கு எளிது. துக்கம்தான் கடினம். மேற்கத்திய இசையில் சோகத்துக்கு மைனர் வேண்டும். அதாவது அந்தர காந்தாரம் இறங்கி சாதாரண காந்தாரமாக வேண்டும். குழாய் அதைத் தராது. 1694 டிசம்பரில் இரண்டாம் மேரி அரசி பெரியம்மை கண்டு இறந்தபோது இந்தச் சிக்கல் ஹென்றி பர்செலின் முன் வந்து நின்றது. அரசிக்கு எக்காளம் இல்லாத இறுதி ஊர்வலம் தகாது. எக்காளத்துக்கோ அழத் தெரியாது. குழாயின் ஒரு பகுதியை நீட்டிச் சுருக்கும் அமைப்புள்ள, ‘ஃபிளாட் டிரம்பெட்’ எனப்பட்ட தனி வகை எக்காளத்துக்கு அவர் இசை எழுதினார். நீளம் மாறினால் அடிப்படை அதிர்வும் மாறும். விடுபட்ட சுரங்கள் கிடைக்கும். 1695 மார்ச்சில் அந்த இசை ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் பர்செலும் இறந்தார். அரசிக்காக எழுதிய இசையையே அவருக்கும் இசைத்தார்கள்.

மன்னருக்கும் இசையமைப்பாளருக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற பிணக்கு ஒன்றும் உண்டு. 1749இல் ஆஸ்திரிய வாரிசுப் போர் முடிந்ததைக் கொண்டாட லண்டன் கிரீன் பார்க்கில் வாணவேடிக்கை ஏற்பாடாயிற்று. ஹேண்டல் இசை. வயலின்கள் வேண்டாம், படைக்கருவிகள் மட்டும் போதும் என்றார் இரண்டாம் ஜார்ஜ். ஹேண்டலுக்கு வயலின் இல்லாமல் மனம் ஆறவில்லை, முணுமுணுத்தார். இறுதியில் ஒன்பது எக்காளம், ஒன்பது கொம்பு, இருபத்துநான்கு ஓபோ, பன்னிரண்டு பசூன், மூன்று ஜோடி முரசு என்று எழுதினார். ஏப்ரல் 27 அன்று இசை நன்றாகவே நடந்தது. வாணவேடிக்கைதான் சொதப்பி, அதற்காக எழுப்பிய மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றிக்கொண்டது. பின்னால், வேறொரு நிகழ்ச்சிக்கு அதே இசையில் ஹேண்டல் தந்திக் கருவிகளைச் சேர்த்துக்கொண்டார்.

ரசனையை விடுங்கள், இயற்பியலில் மன்னர் பக்கமே நியாயம் இருந்தது. மண்டபத்துக்குள் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பித் தந்து வயலினுக்குத் துணை நிற்கும். திறந்தவெளியில் போன ஒலி போனதுதான். தொலைவு இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். வயலின் நாலாபக்கமும் சிதறுகிறது. எக்காளத்தின் விரிந்த வாய் உயர்ந்த அதிர்வுகளைச் சேர்த்து முன்னோக்கி அனுப்புகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. உரக்க ஊதும்போது குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையின் நெற்றி செங்குத்தாகிக்கொண்டே போய், மிக உச்சத்தில் அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது. ஒலியை மீறிப் பறக்கும் விமானத்தின் பின்னால் எழும் முழக்கத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. அப்போது மேற்சுரங்கள் பெருகிப் பித்தளைக்கே உரிய அந்தத் தகதகப்பு வந்துவிடுகிறது. பித்தளை என்ற உலோகத்தைவிடக் குழாயின் வடிவமும் ஊதும் வேகமுமே அதற்குப் பெரும் காரணம்.

திறந்தவெளி என்றால் வானிலையும் வாத்தியத்தில் பங்கு கேட்கும். வெலிங்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெலிந்த காற்றில் பேண்டு வாத்தியத்தின் சுருதி மாறும் என்று தோன்றும். மாறாது. ஒலியின் வேகம், அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. மலையேறும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. உயரம் சுருதியைத் தொடுவதில்லை.

தொடுவது குளிர். சென்னையில் 30 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. வெலிங்டனில் டிசம்பர் காலை 10 டிகிரியில் 337 மீட்டர்தான். துடிப்பு குழாய்க்குள் போய்வர அதிக நேரம் எடுக்கும், சுருதி இறங்கும். கணக்குப்படி மூன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ச-வுக்கும் பக்கத்துச் சுரத்துக்கும் இடையே பாதி வழிக்கும் மேல். ஊதுபவரின் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் உண்மையில் இவ்வளவு விழாது. ஆனாலும் பேண்டுக்காரர்கள் அணிவகுப்புக்கு முன்னால் சும்மா ஊதிச் சூடேற்றிக்கொள்வது இதற்காகத்தான். எஃகுத் தந்தி இதற்கு நேர்மாறு: குளிரில் சுருங்க முயன்று இறுகும்; சுருதி ஏறும். பனிக்காலக் காலையில் வயலினும் கிளாரினெட்டும் ஒன்றாக வாசித்தால் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகும். வயலின் வேண்டாம் என்ற மன்னர் நீலகிரிக்கு வந்திருந்தால் இன்னொரு காரணமும் கையில் கிடைத்திருக்கும்.

குளிர் ஒன்றைப் பறித்தால் வேறொன்றைத் தருகிறது. தெளிந்த இரவுகளில் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படர்வது அதனால்தான். விடியும் நேரத்தில் கீழே குளிர், மேலே ஒப்பளவில் வெதுவெதுப்பு. கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடும் ஒலியலை மேலே தப்பிப் போகாமல் தரையை நோக்கி வளைகிறது. நடுப்பகலில் இது தலைகீழ். ஒலி வானத்துக்கு வளைந்து தொலைந்துவிடும். மலைப்பள்ளத்தில் விடியற்காலை பியூகிள் எதிர்ச் சரிவுவரை தெளிவாகக் கேட்பதும் மதியம் அதே ஒலி மங்குவதும் இந்த வளைவால்தான்.

ஐந்து சுரச் சிறையை உடைக்கும் முயற்சிக்கும் அரச குடும்பத்துப் பெயரே வைக்கப்பட்டது. 1810இல் டப்ளினில் ஜோசப் ஹாலிடே என்ற படை பேண்டு மாஸ்டர் பியூகிளில் துளைகளிட்டு மூடிகள் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அதற்கு ‘ராயல் கெண்ட் பியூகிள்’ என்று பெயர். கெண்ட் கோமகன் பின்னாளில் விக்டோரியா அரசியின் தந்தையானவர். சில ஆண்டுகளில் ஜெர்மனியில் வால்வு வந்தது. ஒரு விரல் அழுத்தத்தில் குழாயின் நீளத்தைக் கூட்டலாம் என்றானதும் பித்தளைக்கு எல்லாச் சுரமும் வசமாயின. எல்கரின் 1901ஆம் ஆண்டு ‘பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்’ அணிநடையும், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக அதன் மெட்டை வைத்து அவர் எழுதிய பாடலும், வால்வு வந்தபின் பிறந்த அரச இசை. இருந்தும் எல்கர் வால்வைப் பழைய கம்பீரத்தின் பக்கமே நிறுத்தினார். மன்னருக்கு என்று வரும்போது இசையமைப்பாளரின் காது பழைய எண்களையே தேடுகிறது.

பித்தளை தரும் இந்தச் சங்கராபரணத்தை அடையாளம் கண்ட தமிழ்க் காதுகளில் ஒன்று முத்துசுவாமி தீட்சிதருடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவருடைய குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில், வேங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புள்ள முதலியார், இளைஞர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் ஆங்கில பேண்டு இசையைக் கேட்கவைத்தார். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். ஆர்தர் வெல்லெஸ்லி நெருப்பில் போட்ட வாத்தியத்தை அதே தலைமுறையில் பாலுசுவாமி கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

தமையன் செய்தது வேறு. கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள், நோட்டுசுவரம் என்கிறோம். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு அவற்றில் ஒன்று: ‘சந்ததம் பாஹிமாம்’. மன்னரைக் காக்கச் சொல்லும் மெட்டில் தீட்சிதர் சங்கீத சியாமளையைத் தன்னைக் காக்கச் சொல்கிறார். மெட்டு அப்படியே, காவல் கேட்கும் இடம் மட்டும் மாறிவிட்டது. அந்த மெட்டு அடுத்தடுத்த சுரங்களில் நடப்பது. ச-வுக்குக் கீழே நிஷாதமும் வேண்டும். ஆகவே பியூகிளில் அதை ஊத முடியாது. ஓபோவும் கிளாரினெட்டும் உள்ள பேண்டு தேவை.

நோட்டுசுவரங்கள் எல்லாம் சங்கராபரண மேளத்தில்தான். ஆனால் சங்கராபரண ராகத்தைக் கமகத்தோடு விரித்துப் பாடுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம். இங்கே சுரங்கள் அசையாமல் நிற்கின்றன. தீட்சிதர் தெரியாமல் செய்யவில்லை. ராகத்தின் ஆழம் வேறு, மேளத்தின் எலும்புக்கூடு வேறு என்பதை அறிந்தே, பித்தளைக்குரிய நேர்சுரத்தை நேராகவே விட்டுவைத்தார். தஞ்சாவூரிலும் இதே காலத்தில் ஓர் அரசர் பேண்டு வளர்த்தார். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, மிஷனரி ஷ்வார்ட்ஸின் மாணவர். மேற்கத்திய இசைச் சுவடிகளை வரவழைத்துச் சேர்த்தார். அரண்மனை பேண்டுக்கு ஆதரவளித்தார். ஆட்சியதிகாரம் கம்பெனியிடம் போனபின் அவரிடம் மீந்தவற்றில் முழக்கமும் ஒன்று.

அரசும் இசையும் எதிர்த்திசையில் ஓடிய கதை ஒன்றும் நீலகிரிக்கு உரியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபின், ஐந்து வயது மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மைசூர் அரியணையில் அமர்த்திய ஆணையர் குழுவில் ஆர்தர் வெல்லெஸ்லியும் இருந்தார். நீலகிரி கம்பெனி வசமானதும் அந்த ஆண்டில்தான். அந்த அரச மரபில் வந்த ஜெயசாமராஜ உடையார், ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனையைக் கோடை வாசமாகக் கொண்ட குடும்பத்தின் கடைசி அரசர், மேற்கத்தியச் செவ்விசையை முறையாகக் கற்றவர். லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். லண்டனில் நலிந்து வாழ்ந்த ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளைப் பதிவு செய்யப் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். 1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ முதன்முதலாக அரங்கேறியபோது அந்தக் கச்சேரிக்குப் பொருளாதாரப் பொறுப்பு ஏற்றவரும் அவர்தான். பீத்தோவனுக்குப் பட்டத்து இளவரசரிடம் கிடைக்காத கைகொடுப்பு, ஐரோப்பிய இசைக்கு மைசூரிலிருந்து கிடைத்தது. உடையார் வாக்கேயக்காரரும்கூட, ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கிருதிகள் இயற்றியிருக்கிறார். 1964 முதல் 1966 வரை மதராஸ் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார்.

எக்காளம் மன்னருடையது என்பது சட்டம் சொன்னது. குழாய் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. வெல்லெஸ்லி பிறக்கும் முன்பிருந்தே நீலகிரியில் கோத்தர்கள் வளைந்த கொம்பு ஊதிவந்திருக்கிறார்கள். பிற மலைமக்களின் சாவுக்கும் சடங்குக்கும் வாசித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். கீழே சமவெளிக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டுக்கு எக்காளமும் திருச்சின்னமும் முன்னே போகின்றன. துளையில்லாமல் வாய் விரிந்த இத்தகைய குழாய்கள் ஏறக்குறைய அதே மடங்குகளுக்கே கட்டுப்படுகின்றன. வெஸ்ட்மின்ஸ்டரில் மன்னருக்கும், கோயில் வீதியில் உற்சவருக்கும், கோத்தர் ஊரில் மாண்டவருக்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து.

நம்ப முடியவில்லை என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸ் நாலரை அடி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் எண்ணெய் ஊற்றும் புனலைச் செருகுங்கள். மறுமுனையில் உதட்டை அழுத்தி, குழந்தைகள் கார் ஓட்டி விளையாடும்போது எழுப்புவதைப் போல ‘ப்ர்ர்’ என்று அதிரவிடுங்கள். முதலில் கனைப்பு மாதிரி ஏதோ வரும். உதட்டை மெல்ல இறுக்க இறுக்க ஒலி வழுக்கிக்கொண்டு போகாது, படிப்படியாகத் தாவும். ஏறக்குறைய ச, ப, மேல் ச. விடாமல் முயன்றால் அந்தர காந்தாரமும் வசப்படும். சார்ஜென்ட் டிரம்பெட்டர் பதவியெல்லாம் ஒழிந்தாயிற்று; உரிமம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் ஹேண்டல் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.